ஆடியில் ஒரு பினாங்குப் பயணம்

காரைக்குடியிலிருந்து பினாங்குக்குப் போகலாம் என்று நான் கணக்குப் போட்டபோது இரண்டு வழிகள் இருந்தன. சென்னைக்குப் போய், 2024 டிசம்பரில் இண்டிகோ தொடங்கிய நேரடி விமானத்தில் ஏறி, பினாங்கின் பாயான் லெப்பாஸ் நிலையத்தில் இறங்குவது ஒன்று. திருச்சியிலிருந்து கோலாலம்பூருக்குப் பறந்து, அங்கிருந்து வடக்கே பேருந்திலோ ரயிலிலோ இன்னொரு விமானத்திலோ போவது மற்றொன்று. என் தாத்தா காலத்தில் ஒரே வழிதான். நாகப்பட்டினத்தில் படகேறி, கடலில் நங்கூரமிட்டு நிற்கும் ரஜூலா கப்பலுக்குப் போக வேண்டும். 1926இல் கட்டிய அந்தக் கப்பல் 1970களின் தொடக்கம் வரை இந்தத் தடத்தில் ஓடியது. தாத்தா மேல்தளத்துப் பயணி. பாயை விரித்த இடம்தான் இருக்கை, படுக்கை எல்லாம். கையில் காசு குறைவாக இருந்தவர்கள் கடல் கடந்தது அந்தத் தளத்தில் இருந்துதான். இன்று அந்த வேலையைச் செய்வது மலிவு விமானங்கள். அதனால் மலிவு டிக்கெட் தேடுவதை நான் சிக்கனக்காரரின் பொழுதுபோக்காகப் பார்ப்பதில்லை. எங்கள் பக்கத்து வீடுகளில் பாதிக்கு மேல் அந்த டிக்கெட்டை நம்பித்தான் இருக்கின்றன.

நான் தேடலை ஊரிலிருந்தோ நிறுவனத்திலிருந்தோ தொடங்குவதில்லை. மாதத்திலிருந்து தொடங்குவேன். கூகுள் ஃப்ளைட்ஸில் தேதிக் கட்டத்தைத் திறந்தால் ஒவ்வொரு நாளுக்கும் உரிய விலை காலண்டர்போல வந்து நிற்கும். ஸ்கைஸ்கேனரிலும் மாதம் முழுவதையும் ஒரே பார்வையில் பார்க்கலாம். திருச்சி–கோலாலம்பூர் தடத்தின் விலைகளை அப்படி விரித்து வைத்துப் பார்த்தால் அது நம் பஞ்சாங்கத்தோடு ஒத்துப்போவது தெரியும். தைப்பூசம், சீனப் புத்தாண்டு, தீபாவளி, இரு நாட்டுப் பள்ளி விடுமுறைகள் எல்லாம் மேடுகள். நான் பார்த்தவரை ஆடி ஒரு பள்ளம். கல்யாணம் கிடையாது, வீடு குடிபுகுவது கிடையாது. மலேசியாவிலிருந்து சொந்தபந்தங்கள் வர ஒரு காரணமும் இல்லை. பினாங்கில் அது துரியன் பருவம் முடியும் தறுவாய். பெருமழை செப்டம்பர், அக்டோபரில்தான். எனக்கு அங்கே பார்க்க வேண்டியது தெருக்களும் கோயில்களும் கடைகளும்தான். எந்த விழாத் தேதியும் என்னைக் கட்டிப்போடவில்லை. ஆகவே ஆடி என்று முடிவானது.

திசையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பொங்கலுக்கு முந்தைய வாரம் கோலாலம்பூரிலிருந்து திருச்சிக்கு வரும் விமானம் நிரம்பி வழியும். அதே நாளில் திருச்சியிலிருந்து போகும் விமானத்தில் இடம் கிடக்கும். பொங்கல் முடிந்ததும் இது தலைகீழாகும். கூட்டம் போகும் திசைக்கு எதிராகப் போக முடிகிறவருக்குப் பண்டிகைக் காலத்திலும் நல்ல விலை கிடைக்கும்.

அடுத்தது கிழமை. எந்தக் கிழமையில் வாங்கினால் மலிவு என்று பலர் கேட்கிறார்கள். செவ்வாய் நள்ளிரவில் வாங்க வேண்டும் என்ற நம்பிக்கை இன்னும் ஓயவில்லை. இன்று விலை நாளில் எந்த நேரத்திலும் மாறுகிறது. வாங்கும் கிழமையைவிடப் பறக்கும் கிழமைக்குத்தான் எடை அதிகம். வெள்ளி, ஞாயிறை விட்டுவிட்டுச் செவ்வாயோ புதனோ புறப்பட்டால் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். திரும்பத் திரும்பத் தேடினால் விலையை ஏற்றிவிடுவார்கள் என்றும் ஒரு பயம் இருக்கிறது. விலை ஏறுவதற்கு அதைவிடத் தெளிவான காரணம் ஒன்று உண்டு. விமானத்தின் எல்லா இருக்கைகளும் ஒரே விலைக்கு விற்கப்படுவதில்லை. உள்ளே பல அடுக்குகளாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். கீழடுக்கில் கொஞ்சம் இடங்கள். அவை தீர்ந்ததும் விற்பனை அடுத்த அடுக்குக்கு ஏறிவிடும். நாம் இரவில் பார்த்து, காலையில் கடன் அட்டையோடு வருவதற்குள் யாரோ ஒரு குடும்பம் அந்தக் கீழடுக்கை முடித்திருக்கும்.

இந்த அடுக்கு முறையின் பிறப்பைத் தெரிந்துகொள்வது நல்லது. 1978இல் அமெரிக்கா விமானக் கட்டணத்தின் மீதிருந்த அரசுக் கட்டுப்பாட்டை நீக்கியது. பீப்பிள் எக்ஸ்பிரஸ் போன்ற மலிவு நிறுவனங்கள் முளைத்துப் பெரிய நிறுவனங்களின் வயிற்றில் அடித்தன. அமெரிக்கன் ஏர்லைன்ஸின் தலைவராக இருந்த ராபர்ட் கிராண்டல் 1985இல் அதற்குப் பதில் கொடுத்தார். முன்கூட்டியே வாங்கும் சுற்றுலாக்காரருக்குப் பீப்பிள் எக்ஸ்பிரஸ் விலையிலேயே சில இருக்கைகள். கடைசி நேரத்தில் வரும் தொழிலதிபருக்கு முழு விலையில் மற்றவை. எத்தனை இருக்கையை எந்த விலைக்கு ஒதுக்குவது என்று கணினி கணக்கிட்டது. இரண்டு ஆண்டுகளில் பீப்பிள் எக்ஸ்பிரஸ் வேறொரு நிறுவனத்துக்குள் கரைந்துபோனது. உலகம் முழுவதும் டிக்கெட் இன்று இந்தக் கணக்கில்தான் விற்கிறது. அடியில் இருக்கும் அனுமானம் இது: கடைசி நேரத்தில் வருகிறவரின் டிக்கெட்டுக்கு ஒரு கம்பெனி பணம் கட்டும். திருச்சியில் இந்த அனுமானம் என்ன ஆகிறது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

சென்னை வழியா, திருச்சி வழியா? நான் பார்த்த தேதிகளில் திரையில் சென்னை–பினாங்கு ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் குறைவாகத் தெரிந்தது. ஆனால் காரைக்குடியிலிருந்து சென்னைக்கு நானூறு கிலோமீட்டருக்கு மேல். ரயில் கட்டணம், எழும்பூரிலிருந்து மீனம்பாக்கம், இரவில் விமானம் ஏறும்வரை காத்திருப்பு, இரண்டு வேளைச் சாப்பாடு. வாசலிலிருந்து வாசல்வரை கூட்டினால் அந்த ஆயிரத்து ஐந்நூறு கரைந்துவிடும். திருச்சி விமான நிலையமோ புதுக்கோட்டைச் சாலையில் இருக்கிறது. காரைக்குடியிலிருந்து வரும் திருச்சிப் பேருந்தில் ஏறினால் ஊருக்குள் போகாமலே நிலைய நிறுத்தத்தில் இறங்கிவிடலாம். திரையில் தெரிகிற விலையை நம்பி ஊர் விட்டு ஊர் போவது ஐரோப்பாவிலும் நடக்கிறது. பிராங்பர்ட் என்று பெயர் போட்டு விற்ற ஹான் விமான நிலையம் பிராங்பர்ட்டிலிருந்து 120 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது.

திரும்பும்போது கணக்கு மாறியது. அந்த வாரம் பினாங்கு–சென்னை நேரடி டிக்கெட், கோலாலம்பூருக்கு இறங்கி வந்து திருச்சிக்குப் பறப்பதைவிட நன்றாகவே மலிவு. காலையில் சென்னையில் இறங்கினால் பிற்பகலில் எழும்பூரில் பல்லவன் ரயிலைப் பிடித்து இரவுக்குள் காரைக்குடி வந்துவிடலாம். போகும் வழி ஒன்று, வரும் வழி இன்னொன்று. முழுச் சேவை நிறுவனங்களில் தனித்தனி ஒருவழி டிக்கெட் பெரும்பாலும் கூடுதலாக வரும். மலிவு நிறுவனங்களில் ஒவ்வொரு வழிக்கும் தனி விலைதான். ஆகவே இப்படி வெவ்வேறு நிறுவனத்தில், வெவ்வேறு ஊரில் ஏறி இறங்குவதால் நட்டமில்லை. ‘ரவுண்ட் டிரிப்’ பொத்தானை அழுத்திவிட்டுத் திருப்தியடைகிறவர்கள் இந்த வாசலைப் பார்ப்பதே இல்லை.

விலையைப் பார்த்தது பொதுத் தளங்களில். வாங்கியது அந்தந்த நிறுவனத்தின் சொந்தத் தளத்தில். இடைத்தரகுத் தளத்தில் முந்நூறு ரூபாய் குறைவாகத் தெரிந்தாலும், நேரம் மாறினாலோ ரத்தானாலோ பணம் திரும்ப வாங்க இரண்டு கதவுகளைத் தட்ட வேண்டியிருக்கும். பிறகு சுமை. ஏர் ஏசியாவில் டிக்கெட்டோடு வருவது ஒரு கைப்பெட்டியும் ஒரு சிறு பையும். இரண்டும் சேர்த்து ஏழு கிலோ. மேலே வேண்டுமென்றால் பதிவு செய்யும்போதே வாங்கிவிட வேண்டும். நிலையத்துக்குப் போய்க் கேட்டால் விலை பல மடங்கு. இருக்கையைத் தேர்வு செய்யவும் காசு. நான்கு மணி நேரப் பயணத்துக்கு ஜன்னலோரம் எனக்குத் தேவைப்படவில்லை. ஏழு கிலோவில் ஆடிப் பயணம் முடியும். பருத்தித் துணி, மெல்லிய துண்டு, ஒரு ஜோடிச் செருப்பு.

திருச்சியின் புதிய முனையம் 2024 ஜூனில் பயன்பாட்டுக்கு வந்தது. முகப்பில் கோபுரச் சாயல், சுவரெங்கும் வண்ண ஓவியங்கள். பழைய முனையத்தின் நெரிசலில் நின்றவர்களுக்கு இதன் அருமை தெரியும். ஏர் ஏசியா இந்தியாவில் முதலில் வந்து இறங்கியது டெல்லியிலோ மும்பையிலோ அல்ல, 2008 டிசம்பரில் திருச்சியில்தான். டோனி பெர்னாண்டஸ் 2001இல் கடனில் மூழ்கிக் கிடந்த ஏர் ஏசியாவை ஒரு ரிங்கிட் கொடுத்து வாங்கி, கடனையும் ஏற்றுக்கொண்டு நடத்தத் தொடங்கியவர். ஒரே வகை விமானம், தரையில் இறங்கி இருபத்தைந்து நிமிடத்தில் மறுபடி ஏறுவது, சாப்பாட்டுக்கும் சுமைக்கும் தனிக் காசு. இந்தக் கணக்கு எங்கே செல்லும் என்று தேடியவருக்குத் திருச்சி கண்ணில் பட்டதில் வியப்பில்லை. டெல்டாவும் புதுக்கோட்டையும் செட்டிநாடும் இராமநாதபுரமும் மூன்று நான்கு தலைமுறையாக மலேசியாவோடு உறவு வைத்திருக்கும் பூமி. தேவை காத்துக் கிடந்தது. காசுதான் குறைவு.

எடை போடும் வரிசையில் எனக்கு முன்னால் நின்ற இளைஞர் என் கையிலிருந்த கொக்கித் தராசைப் பார்த்துவிட்டார்.

“அக்கா, இத ஒரு தடவ தூக்கிப் பாத்துக்கிரவா?”

தூக்கிப் பார்த்தார். எட்டரை. முறுக்குப் பொட்டலமும் ஊறுகாய்ப் பாட்டிலும் இருந்தன. முறுக்கைப் பிரித்து இருவருமாகக் கொஞ்சம் சாப்பிட்டு, மிச்சத்தை வழியனுப்ப வந்த அவருடைய சித்தப்பாவிடம் கொடுத்தனுப்பினார். அறந்தாங்கிப் பக்கம். பட்டர்வொர்த்தில் ஒரு நாசி கண்டார் கடையில் சமையல் வேலை. அப்பா இறந்ததற்கு வந்திருந்தார்.

“வர்றப்ப எவ்வளவு தம்பி ஆச்சு டிக்கெட்?”

அவர் சொன்ன தொகை, நான் போக வாங்கியதைப் போல நான்கு மடங்கு. கடையில் முன்பணம் வாங்கி, ஏஜெண்டிடம் கொடுத்து, மறுநாள் விடியற்காலையில் வந்து சேர்ந்திருக்கிறார். காடேற்றுவதற்குள் வந்துவிட்டார்.

“தேதி பாத்தாக்கா சாவு வருது? கெடச்சதே பெருசுன்னு ஏறிட்டேன்.”

அவர் பெற்ற அதே நான்கு மணி நேரத்தைத்தான் நானும் பெற்றேன். நான் மலிவாக வாங்கியது என் சாமர்த்தியத்தால் மட்டுமல்ல. எனக்கு எந்த நாளும் அவசரமில்லை என்பதால். அவருக்கு ஒரே ஒரு நாள்தான் இருந்தது. கிராண்டலின் கணக்கு கடைசி நேரத்துப் பயணியைக் கோட்டுப் போட்ட தொழிலதிபராகப் பார்த்தது. திருச்சியின் சார்ஜா, கோலாலம்பூர், சிங்கப்பூர் தடங்களில் கடைசி நேரத்தில் டிக்கெட் கேட்பவர் பெரும்பாலும் தகப்பனை அடக்கம் செய்ய ஓடி வருகிற தொழிலாளி. கணினிக்கு இருவரும் ஒன்று. இருவரும் எவ்வளவு கேட்டாலும் கொடுப்பார்கள் என்பதுதான் அதற்குத் தெரியும்.

துக்கத்துக்கென்று தனிக் கட்டணம் வைக்கும் வழக்கம் விமானத் தொழிலில் உண்டு. அமெரிக்க நிறுவனங்களில் அது பரவலாக இருந்தது. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 2014இல் நிறுத்திவிட்டது. ஏர் கனடா, டெல்டா போன்றவை விட்டுவிடவில்லை. மலிவு நிறுவனங்கள் அந்தப் பக்கமே போவதில்லை. எங்கள் பகுதித் தடங்களில் ஒவ்வொரு விமானத்திலும் இரண்டு இருக்கையை நடுத்தர விலையில் கடைசிவரை வைத்திருக்கலாம். இறப்புச் சான்றைப் பிறகு வாங்கிச் சரிபார்த்துக்கொள்ளலாம். வருமானம் கொஞ்சம் குறையும். இந்தத் தொழிலாளர்களின் காசில் வளர்ந்த தடங்கள் அதைத் தாங்கும் என்றே நம்புகிறேன்.

கோலாலம்பூரில் இறங்கும்போது விடிந்துகொண்டிருந்தது. கடிகாரத்தை இரண்டரை மணி நேரம் முன்னே தள்ள வேண்டும். இந்தியருக்கு 2023 டிசம்பர் 1 முதல் விசா தேவையில்லை, முப்பது நாள் வரை தங்கலாம். புறப்படுமுன் மின்னணு வருகை அட்டையை நிரப்பிவிட வேண்டும், அவ்வளவுதான். இந்த விசா மாற்றம் டிக்கெட் தேடுவோருக்கு வேறொரு வழியையும் திறந்துவிட்டது. கோலாலம்பூர்வரை ஒரு டிக்கெட், அங்கிருந்து பாலிக்கோ சைகோனுக்கோ வேறொரு டிக்கெட் என்று தனித்தனியாக வாங்கினால் பல நாட்களில் மலிவாக வரும். முன்பு நடுவில் வெளியே வந்து சுமையை எடுக்க மலேசிய விசா வேண்டியிருந்தது. இப்போது அது இல்லை. ஆனால் முதல் விமானம் தாமதமாகி இரண்டாவது போய்விட்டால் அந்த நட்டத்தை ஏற்க யாரும் இல்லை. நாமேதான். நடுவில் ஐந்தாறு மணி நேரமாவது விட வேண்டும். முனையத்தையும் பார்க்க வேண்டும். ஏர் ஏசியா இரண்டாம் முனையம். பாத்திக் ஏர் முதலாம் முனையம். இடையே ரயில் ஓடுகிறது, மூன்று நிமிடப் பயணம்தான். ஆனால் குடிநுழைவு வரிசையில் ஒரு மணி நேரம் நின்றவருக்கு அந்த மூன்று நிமிடமும் கனக்கும்.

பினாங்குக்கு அங்கிருந்தே விமானம் உண்டு. ஒரு மணி நேரப் பயணம். அன்று திரையில் காட்டிய விலை பேருந்தைவிட அதிகமில்லை. சுமைக்குக் காசு, நான்கு மணி நேரக் காத்திருப்பு, இறங்கிய பின் பாயான் லெப்பாஸிலிருந்து ஜார்ஜ் டவுனுக்கு நகரப் பேருந்து என்று சேர்த்தால் தரைவழியில் போகிறவர் அதற்குள் போய்ச் சேர்ந்திருப்பார். கோலாலம்பூர் நகருக்குள் போகிறவர்களும் ஒன்றை யோசிக்கலாம். விரைவு ரயிலில் சென்ட்ரலுக்கு 55 ரிங்கிட், ஆயிரம் ரூபாய்க்கு மேல். அதே சென்ட்ரலுக்குக் கீழ்த்தளத்திலிருந்து புறப்படும் பேருந்தில் அதில் மூன்றில் ஒரு பங்குகூட ஆகாது. விமானத்தில் பாடுபட்டு மிச்சம் பிடித்ததை இறங்கிய அரை மணியில் ரயிலுக்குக் கொடுத்துவிடுகிறவர்கள் நிறைய.

“நா போற பஸ்சுலயே வாங்கக்கா, பினாங்கு சென்ட்ரல்ல எறங்குனா கப்பலு பக்கத்துலயே,” என்றார் தம்பி. விமானத்தைத் தேடுவதில் எனக்குப் பழக்கம் இருந்ததைப் போல மலேசியத் தரையில் அவருக்குப் பழக்கம் இருந்தது. தெற்குப் பேருந்து முனையத்துக்கு ஒரு வண்டி, அங்கிருந்து வடக்கே ஐந்து மணி நேரம். வழியெங்கும் எண்ணெய்ப்பனைத் தோட்டங்கள், ஈப்போவுக்கு அருகே சுண்ணாம்புக் குன்றுகள்.

ஈப்போவைத் தாண்டிய பிறகு அவர் போனை நீட்டினார். தையில் தங்கைக்குக் கல்யாணம், நாள் குறித்தாயிற்று. அப்பா இல்லாத கல்யாணம், ஆகவே அவர் கட்டாயம் இருக்க வேண்டும். இதற்குத்தான் தேதி தெரிகிறதே என்றேன். அவருடைய போனிலேயே கோலாலம்பூர்–திருச்சி மாதக் கட்டத்தைத் திறந்தோம். பொங்கலுக்கு முந்தைய வெள்ளி, சனி, ஞாயிறு மூன்றும் மலைபோல நின்றன. பொங்கல் கழிந்த செவ்வாயில் விலை பாதிக்கும் கீழே. முகூர்த்தம் அதற்குப் பின்தான். முதலாளிக்கும் பொங்கல் விடுப்பைவிட அதற்கடுத்த வாரம் கொடுப்பது சுலபம். விலை எச்சரிக்கையைப் போட்டுக் கொடுத்தேன். விலை அசைந்தால் மின்னஞ்சல் வரும். இன்னும் பல மாதம் இருப்பதால் உடனே வாங்க வேண்டியதில்லை, ஆனால் மார்கழி பிறக்கும்வரை காத்திருக்கவும் கூடாது என்றேன். டிக்கெட் வாங்க ஏஜெண்ட் ஒருவரே வழி என்று அவர் இத்தனை வருடம் நினைத்திருந்தார்.

பட்டர்வொர்த்தில் அவர் கடைப் பக்கம் நடந்தார். நான் ஃபெரிக்குப் போனேன். இரண்டு ரிங்கிட்டில் கடலைத் தாண்டும் அந்தப் பதினைந்து நிமிடப் பயணத்தை எந்த விமான ஜன்னலுக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். நேரே ஜார்ஜ் டவுன் துறையில் இறக்கிவிடும். 2008இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த நகரம். குவீன் தெரு மகாமாரியம்மன் கோயில் 1833இலிருந்து அங்கே இருக்கிறது. ஆடி என்பதால் அம்மன் சந்நிதியில் கூட்டம். கூழ் வார்த்துக்கொண்டிருந்தார்கள். செட்டியார்கள் வட்டிக்கடை வைத்திருந்த பினாங்குத் தெருவிலேயே ஒரு பழைய வீட்டு விடுதியில் அறை கிடைத்தது. டிக்கெட்டில் மிச்சமான பணம் கூடுதலாகச் சில இரவுகளாக மாறியது. தண்ணீர்மலை முருகன் கோயில் படிகளை வெயிலுக்கு முன் ஏறவும், பாலிக் பூலாவில் கடைசித் துரியனைத் தோட்டத்திலேயே உடைத்துத் தின்னவும் அந்த இரவுகள்தான் இடம் கொடுத்தன. விமானத்தில் அதிகம் கொடுத்திருந்தால் இரண்டே நாளில் படம் பிடித்துக்கொண்டு திரும்பியிருப்பேன்.

ஊர் வந்து சில வாரங்கள் கழித்துத் தம்பியிடமிருந்து வாட்ஸ்அப்பில் குரல் செய்தி. விலை இறங்கியதும் எச்சரிக்கை வந்ததாம், வாங்கிவிட்டாராம். கடையில் உடன் வேலை செய்யும் இரண்டு பேர், ஒருவர் தொண்டி, ஒருவர் மணமேல்குடி, தங்களுக்கும் தீபாவளி முடிந்து வர டிக்கெட் பார்க்கச் சொல்கிறார்கள். இருவரோடு தொண்டிக்காரரின் மச்சானும் சேர்ந்தால் மூன்று பேர். மூவருக்கும் சேர்த்துத் தேடினால் கூடுதலாகக் காட்டுகிறதே, ஏனக்கா என்று கேட்டிருந்தார். கீழடுக்கில் இரண்டு இடம்தான் மிச்சமிருந்தால், மூன்று பேருக்குக் கேட்கும்போது பெரும்பாலும் மூன்றையும் மேலடுக்கு விலைக்குத்தான் காட்டும். முதலில் ஒரு ஆளுக்குத் தேடிப் பாருங்கள், பிறகு இரண்டு ஆளுக்கு, விலை எங்கே தாவுகிறதென்று பார்த்து இருவருக்கு ஒரு பதிவு, மூன்றாமவருக்குத் தனிப் பதிவு போடுங்கள் என்று பதில் அனுப்பினேன். மூவரும் ஒரே விமானத்தில்தான் வருவார்கள், இருக்கை மட்டும் தள்ளித் தள்ளி இருக்கும் என்பதையும் சொன்னேன்.